அந்தக் குண்டை நைனாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்

பாப்பா,

பையைத் திறப்பதற்கு முன்னால் உன் நைனா இந்தக் காகிதத்தைத்தான் உன் கையில் கொடுப்பார். குண்டை எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று நேற்று நீ போனில் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. இருந்தும் உன் நைனாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். பல்லைக் கடிக்காமல் முழுக்கப் படி. நேரில் சொன்னால் நீ ஒரு வார்த்தை பேசுவாய், நான் நாலு வார்த்தை பேசுவேன், கடைசியில் உன் நைனாதான் இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவார். அதனால்தான் எழுதுகிறேன். பூஜைக்காகக் கம்பெனி மூடியிருக்கிறது. பொரி வீடெல்லாம் சிதறிக் கிடக்கிறது. பெருக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று நீ ஹாஸ்டலிலிருந்து பேசியபோது உன் நைனா பட்டறையில் ஆயுத பூஜையை முடித்துக்கொண்டு, நெற்றி நிறைய சந்தனத்தோடு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். "நைனா, ஞாயித்துக்கெழம வரும்போது குண்ட தூக்கிக்கினு வர வேணாம். கிரவுண்டுல குடுக்கறதே போதும்" என்றாய். அந்த மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எனக்கு இன்னாம்மா கனம்? நான் தூக்கிக்கினு வரேன், நீ கவலப்படாத" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் போனைப் பிடுங்கி, "ஸ்டெல்லா இந்தவாட்டி போட்டிக்குப் பேர் குடுத்துட்டாளா?" என்று கேட்டேன். "ம்" என்றாய். "அவகிட்ட குண்டு கீதா?" என்றேன். "இல்ல" என்றாய். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், போனை வைத்ததும் எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பரவாயில்லை, நம் பிள்ளைக்கும் கொஞ்சம் விவரம் வந்துவிட்டதே என்று நினைத்தேன்.

சங்கிலிக் குண்டு எறிதலின், அதாவது உங்கள் ஹாமர் த்ரோவின், சட்டத்தை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை என்றைக்காவது வேறு யாரும் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும். சொந்தக் குண்டு கொண்டுவருகிறவர்கள் போட்டிக்கு முன்னால் அதை எடை மேசையில் வைக்க வேண்டும். எடையும் கம்பியின் நீளமும் சரியாக இருந்தால் அடையாளம் போட்டு மைதானத்தில் வரிசையாக வைப்பார்கள். அப்படி வைத்துவிட்டால் போட்டி முடிகிறவரை அது உனக்கு மட்டும் சொந்தமில்லை. களத்தில் நிற்கிற எந்தப் பெண்ணும் எடுத்து எறியலாம். நம் தெருவில் ஒரு கிரைண்டரை இரவல் கேட்டால் ஆயிரம் சாக்கு சொல்வோம். இந்த விளையாட்டில், உன்னைத் தோற்கடிக்க வந்தவளுக்கே உன் பொருளைக் கொடுத்தாக வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யாரோ, நல்ல மனசு இருந்திருக்க வேண்டும், அல்லது குண்டுக்குப் பஞ்சம் இருந்திருக்க வேண்டும்.

ஆக, இந்த வருடம் பேர் கொடுத்தவர்களில் சொந்தக் குண்டு இருப்பது உன்னிடம் மட்டும்தான். அது இங்கே கட்டிலடியில் கிடந்தால், நீயும் ஸ்டெல்லாவும் மைதானத்தில் கொடுக்கிற, கைப்பிடி ஆடுகிற, கம்பி கோணிய குண்டைத்தான் எறிவீர்கள். அதை வைத்துக்கொண்டு ஒருத்தியும் சாதனை போட முடியாது. மாநில சாதனை உன் பெயரிலேயே இருக்கும். போட்டி முடிந்த மறுநாளே நீ வேலையில் சேர வடக்கே ரயில் ஏறிவிடுவாய். உன் பெயர் இங்கே பத்திரமாக இருக்கும். இதுதானே உன் திட்டம்? சட்டப்படி இதில் ஒரு தப்பும் இல்லை. அவளை நீ ஏமாற்றவில்லை, பொய் சொல்லவில்லை, உன் பொருளை வீட்டில் வைத்துவிட்டு வருகிறாய், அவ்வளவுதான். நானும் இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். தேய்த்து முடிக்கும்போது மனசு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ இதில் எப்படி வந்து மாட்டினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் உன்னைக் கபடிக்குத்தான் எடுத்தார்கள். உன் விளையாட்டு டீச்சர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "குண்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பொண்ணும் பேரு குடுக்கறதில்லம்மா. ஸ்டோர் ரூம்ல துருப்பிடிச்சி கெடக்குது. உங்க பொண்ணு சும்மா தூக்கிப் போட்டாக்கூட மெடலு" என்றார். சும்மா கிடைக்கிற மெடலை யார் விடுவார்கள்? நானும் தலையாட்டினேன். முதல் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட சோற்றையெல்லாம் வாந்தி எடுத்தாய். தெருவில் ஒருத்தி, "பொட்டப்புள்ளைய இப்டி பம்பரமா சுத்த வுட்டா நாளைக்கு இன்னாத்துக்கு ஆவும்?" என்று கேட்டாள். நான் அவளிடம் சண்டைக்குப் போனேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அந்தப் பயம் இருந்தது. உன் நைனாதான், "வுடும்மே, அவளுக்கு சுத்தறது புட்ச்சிருக்குது. நமக்கு இன்னா பேஜாரு" என்றார். அவர் அதிகம் பேசாதவர். பேசிய சில நல்ல வார்த்தைகளில் அது ஒன்று, அதற்காக இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அவரிடம் சொல்லிவிடாதே, தலைக்கு ஏறிவிடும்.

பள்ளிக்கூட மைதானத்தில் எறிய விடவில்லை. குழி விழுகிறது, யார் மண்டையிலாவது விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார்கள், அதுவும் நியாயம்தான். பொன்னேரிப் பக்கம் அறுவடை முடிந்து சும்மா கிடந்த நிலத்துக்குப் போனோம். நிலத்துக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா, போர் போடறீங்களா? தண்ணி வந்தா எனக்கும் சொல்லு" என்று சிரித்தார். ஆனால் ஒருநாளும் போ என்று சொல்லவில்லை. அறுத்த தாளுக்கு நடுவே குண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். நீயும் நானும் உன் நைனாவும் செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்றில் காலால் துழாவிக் கண்டுபிடிப்போம். உன் நைனா கால் விரலில் இடித்துக்கொண்டு கத்தினால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று உன்னிடம் சொன்னதில்லை. அந்த நிலத்தில் என் அம்மா கூலிக்கு நாற்று நட்டிருக்கிறாள். அவள் அதில் குனிந்தபடியே இருந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதே மண்ணில் நீ நிமிர்ந்து நின்று, கையை நீட்டிச் சுழன்றாய். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று அன்றைக்கு நான் சொன்னது பொய்.

உன் முதல் சொந்தக் குண்டு பட்டறை முதலாளி வாங்கிக் கொடுத்தது. நீ மாவட்டத்தில் ஜெயித்த செய்தியைக் கேட்டதும், உன் நைனாவைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கையில் கொடுத்தார். பச்சை வண்ணம் அடித்த நாலு கிலோ உருண்டை. அதைத் தூக்கிக்கொண்டு வந்த உன் நைனாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன்னைப் பிறந்த அன்று தூக்கியபோதுகூட அவ்வளவு பத்திரமாகத் தூக்கவில்லை. அந்தப் பத்திரம்தான் பிறகு வினையாக முடிந்தது. அந்த வருடம் மாநிலப் போட்டி ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்தது. பட்டறையில் பூஜைக்கு மிஷினையெல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று ஆக்குவார்கள். உன் நைனாவின் வேலையே பாலிஷ் போடுவதுதான். மிஷினுக்கெல்லாம் செய்கிறோமே, பிள்ளையின் ஆயுதத்துக்குச் செய்யாமல் விடலாமா என்று குண்டை எடுத்துப்போய், பச்சை வண்ணத்தைச் சுரண்டி, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் சக்கரத்தில் பிடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்தார். சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றி, கற்பூரம் காட்டினோம். நீயும்தான் அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாய். ஆகவே முழுப் பழியையும் அவர்மேல் போடாதே.

மறுநாள் சென்னையில், எடை மேசையில் குண்டை வைத்தார்கள். மேசையில் இருந்த பெரியவர் முள்ளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். "எடை கொறையுதும்மா, இது போகாது" என்று ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். உன் நைனா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "இன்னா பளபளன்னு கீது, அத்த போய் வேணாம்றாங்க" என்று என்னைக் கேட்டார். எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. "யோவ், அந்தப் பளபளப்புதான்யா வென! தேச்சித் தேச்சி எடையவே காலி பண்ணிட்ட!" என்று அத்தனை பேருக்கு நடுவில் கத்தினேன். மனுஷன் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பட்டறைப் பூஜையின் குங்குமம் அவர் விரல் நகத்தில் இன்னும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கத்தவும் முடியவில்லை.

நீ மைதானத்துக் குண்டை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் போனாய். முதல் எறி வலைக் கூண்டில் அறைந்து விழுந்தது. இரண்டாவது, பள்ளிக்கூடப் பிள்ளை எறிகிற தூரம்கூடப் போகவில்லை. எல்லாருக்கும் மூன்று எறி, அதில் முன்னால் வருகிற எட்டுப் பேருக்கு மட்டும்தான் இன்னும் மூன்று என்பது அதற்குள் எனக்கும் தெரிந்திருந்தது. உனக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. நீ ஓரமாகப் போய் நின்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாய். பக்கத்திலேயே மற்றவர்களின் நல்ல குண்டுகள் வரிசையாக இருந்தன. எதை எடுத்தாலும் கேட்க ஆளில்லை. சட்டம் உன் பக்கம்தான். ஆனால் நீ கை வைக்கவில்லை. அடுத்தவர் பொருளைத் தொடாதே, தொடாதே என்று உன்னை அடித்து வளர்த்தவளே நான்தானே!

அப்போதுதான் அத்திப்பட்டு ஸ்டெல்லா எழுந்து வந்தாள். அப்போது மாநில சாதனை அவளுடையது. அவளுடைய அப்பா பவர் ஹவுஸில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார், அவள் வீடும் நம் வீட்டைப் போலத்தான். பேசியதில் பாதி வேலிக்கு இந்தப் பக்கமே கேட்டது, மீதியை நீ பிறகு சொன்னாய். "இன்னாடி, அந்த ஓட்ட குண்ட வெச்சிக்கினு அழுதுக்கினு நிக்கிற? என்னுத எட்த்துப் போடு" என்றாள். "அக்கா, அது உங்களுது..." என்று நீ இழுத்தாய். "வரிசைல வெச்சப்புறம் என்னுது இன்னா, உன்னுது இன்னா. கேக்க வெக்கமா இருந்தா தோத்துட்டு ஊட்டுக்குப் போ" என்றாள். சொல்லிவிட்டு அதோடு விடவில்லை. கைப்பிடியைத் தன் துண்டாலேயே துடைத்து உன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது எறியில் நீ எட்டுப் பேருக்குள் வந்தாய். கடைசிச் சுற்றில் அதே குண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். நீ சுழல ஆரம்பித்ததும் நான் எப்போதும்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, அங்கே கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். டேப்பை இழுத்து ஒரு தடவை அளந்தார்கள், அவர்களுக்கே நம்பிக்கை இல்லாமல் மறுபடி அளந்தார்கள். ஸ்டெல்லாவின் சாதனையைவிட ஒரு ஜாண் கூட. உன் நைனா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து வெளியிடத்தில் அவர் என் கையைக்கூடப் பிடித்ததில்லை. எனக்கு வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

ஆனால் என் மனசில் அடித்துவைத்த மாதிரி நிற்பது அது இல்லை பாப்பா. அதற்கு அடுத்து நடந்தது. சாதனை என்றால் குண்டை மறுபடியும் எடை போட வேண்டுமாம். அதே பெரியவர் மேசையில் வைத்துப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு, எழுதுவதற்காக "இது யாருது?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லாருக்கும் தெரியும் யாருடையது என்று. உனக்கும் தெரியும், நீ தலையைக் குனிந்துகொண்டாய். ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தபடியே, வகுப்பில் ஆஜர் சொல்கிற பிள்ளை மாதிரி கையைத் தூக்கி, "என்னுதுதான் சார்" என்றாள். தன் பெயரைத் தானே அழித்துக்கொடுக்கிற மாதிரிதானே அது? அந்தப் பெண்ணின் கை மேலே நின்றதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கை தெரிகிறது.

திரும்பும்போது கும்மிடிப்பூண்டி லோக்கலில் எல்லாரும் ஒரே பெட்டியில்தான் வந்தோம். நன்றி என்று சொன்னால் ஏதோ கடைக்காரரிடம் சொல்கிற மாதிரி இருக்கும் என்று, மிச்சமிருந்த எலுமிச்சம்பழச் சாதத்தை அப்படியே டப்பாவோடு அவள் மடியில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று பார்த்தால், ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. உன் நைனா அந்தப் பளபளக்கும் குண்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அத்திப்பட்டு வந்ததும் ஸ்டெல்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, "ஆன்ட்டி, அடுத்த பூஜைக்கு அங்கிள குண்டு பக்கம் வுடாதீங்க" என்றாள். உன் நைனாவே சிரித்துவிட்டார். இறங்கின பிறகு ஜன்னலருகே வந்து உன்னிடம், "ரொம்ப ஆடாத. அடுத்த வருஷம் வந்து என்னுத நான் எட்த்துக்குவேன்" என்றாள். ரயில் கிளம்பிவிட்டது.

அடுத்த வருடம் அவளால் வர முடியவில்லை. முழங்கால் போயிற்று. அப்புறம் கல்யாணம், அப்புறம் குழந்தை. மீஞ்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக விளையாட்டு சொல்லித் தருகிறாள். தன் குண்டை அந்தப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டாள். அவர்கள் சிமெண்ட் தரையில் போட்டுப் போட்டு, கம்பி பிய்ந்து, தலை நசுங்கி, இப்போது அது கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும் என்று போன மாதம் மார்க்கெட்டில் பார்த்தபோது சொல்லிச் சிரித்தாள். இடுப்பில் குழந்தை. அது என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. "பால் மறக்கடிச்சிட்டு மறுபடி சுத்த ஆரம்பிச்சிட்டேன் ஆன்ட்டி. ஒடம்பு கேக்குது" என்றாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது என்று சொன்னதும், நடு மார்க்கெட்டில் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அந்த வேலை எதனால் கிடைத்தது பாப்பா? உன் பெயருக்குப் பக்கத்தில் 'மாநில சாதனை' என்று இருந்ததால் கிடைத்தது. அது யாருடைய குண்டில் வந்தது? இதை நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை. ராத்திரியெல்லாம் நீயும் இதைத்தான் நினைத்துப் புரண்டுகொண்டிருப்பாய். அதனால்தானே காரணம் சொல்லாமல் போனை வைத்தாய்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது உன்னிடம் இருக்கிற குண்டு நீ வாங்கியதும் இல்லை, நான் வாங்கியதும் இல்லை. நீ சாதனை போட்ட பிறகு என்னோடு போல்ட்டு பேக்கிங்கில் நிற்கிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. அதனால் நேற்று நீ போன் செய்த பிறகு, அந்தப் பெண்கள் என்ன சொல்வார்களோ என்கிற பயம் எனக்கு வந்தது. மனசு கேட்காமல், சாயந்திரம் பக்கத்துத் தெரு சரசுவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பணம் பிரிக்க முதலில் கிளம்பியவள் அவள்தானே. கேட்டதும், "நம்ம வாங்கிக் குடுத்த குண்ட அவ எட்த்துப் போட்டு, நம்ம புள்ள பேர அழிச்சிட்டான்னா, நம்ம மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?" என்று எகிறினாள். நானும் ஆமாம் என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டெல்லாவை நாலு வார்த்தை திட்டினோம், நன்றாகவே இருந்தது. அப்புறம் சரசு சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே, "ஏம்மே, அன்னிக்கு அவளும் அவங்க ஆத்தாவும் இப்டி ஒக்காந்து பேசியிருந்தா, நம்ம புள்ள கதி இன்னாவாயிருக்கும்?" என்று கேட்டாள். நான் சுண்டலை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து கட்டிலடியிலிருந்து பையை இழுத்தேன்.

நீ கிளம்பிப் போகப் போகிறாய். மற்ற அம்மாக்கள் மாதிரி நானும் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்று ஆசை. குண்டைப் போலத்தான் வாழ்க்கை, சரியான நேரத்தில் விட வேண்டும் என்றெல்லாம் நான் ஆரம்பிக்க மாட்டேன், அதை உன் கோச் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்தது இதுதான்: போகிற இடத்தில் கேட்க வெட்கப்படாதே. பசித்தால் கேள், உடம்பு சரியில்லை என்றால் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். நீ வாய் திறக்காமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு ஸ்டெல்லா எழுந்து வருவாள் என்று நம்பி இருக்க முடியாது. அதேமாதிரி வேறு எவளாவது அப்படி நின்றால் நீ எழுந்து போ. ரொட்டி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. தோளில் வலி வந்தால் மறைக்காதே, உன் நைனா மாதிரி வீம்புக்கு வேலை செய்யாதே.

உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொன்னால் கேலிக்கூத்தாக இருக்கும் என்று சொல்லாமலே விட்டேன். இப்போது சொல்கிறேன். நீ குண்டைத் தூக்காமல் இருந்திருந்தால் நான் ஒரு மைதானத்தைப் பார்த்திருக்க மாட்டேன். அத்தனை பேர் நடுவில் வாய்விட்டுக் கத்தியிருக்க மாட்டேன். உன் நைனா என்னைக் கட்டிப் பிடித்திருக்க மாட்டார். கம்பெனியில் என்னை இப்போது பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, 'ரெக்கார்டு அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேட்கக் கேட்க இனிப்பாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தப் பேர் எனக்குப் போய்விடுமோ என்கிற பயம் எனக்கும் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பேர் எனக்கு வந்ததே அந்தப் பெண்ணின் கையால். அதைக் கட்டிலடியில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை.

குண்டை உன் நைனா தொடவில்லை, பயப்படாதே. பூஜையில் வைக்கட்டுமா என்று என்னிடம் மூன்று தடவை கேட்டுவிட்டு, பையின்மேல் மட்டும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு எடை மேசைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். மேசையில் வைப்பதும் பைக்குள்ளேயே விட்டுவிடுவதும் உன் இஷ்டம். நீ கேட்டால் கொடுப்பார், கேட்காவிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டார், அப்படிச் சொல்லிவைத்திருக்கிறேன். நானும் எதுவும் கேட்கமாட்டேன். வைத்தாயானால் அது அவள் கைக்கு மட்டுமா, உன் கைக்கும்தானே வரப் போகிறது. நீயே இன்னும் தூரம் எறிந்து அவளுக்குத் தண்ணி காட்டு, தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒருவேளை அவள் எறிந்து, டேப்பை இழுத்து இரண்டு தடவை அளக்க வேண்டி வந்தால், குண்டை மறுபடி மேசைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். "இது யாருது?" என்று கேட்பார்கள். அப்போது போன தடவை மாதிரி தலையைக் குனிந்துகொள்ளாதே பாப்பா. கையைத் தூக்கு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா